அதே மாப்பிள்ளை

எனக்கு மூன்று முறை கல்யாணம் நடந்திருக்கிறது. மூன்று முறையும் மாப்பிள்ளை ஒருவரேதான். நாளைக் காலையில் நாலாவது. அதனால்தான் வாசலில் இவ்வளவு சத்தம். நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பந்தல்காரர் கம்புகளை இறக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். மைக்செட்காரர் ஒரே பாட்டின் பாதியைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சோதிக்கிறார். அடுப்படியில் எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், யாரும் யாரையும் கேட்பதாகத் தெரியவில்லை. இந்த உள்ளறைதான் கொஞ்சம் அமைதி. உங்களோடு வந்த போலீஸ் அக்காவுக்கும் சேர்த்துப் பன்னீர் சோடா சொல்லியிருக்கிறேன் சார். தூத்துக்குடியிலிருந்து பரளச்சி வரைக்கும் இந்த வெயிலில் வருவது லேசுப்பட்ட காரியமில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆனால் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தால்தான் விளங்கும்.

முதல் கல்யாணம் எல்லோருக்கும் நடப்பதுபோல நடந்தது. என் அப்பா பால்சாமிக்குப் பாளையம்பட்டியில் கரி வியாபாரம். சுற்றுப்பட்டு ஊர்களில் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுச் சுடுகிறவர்களிடம் கரியை வாங்கி, தரம் பிரித்து, சாக்கில் தைத்துத் தூத்துக்குடிக்கு லோடு அனுப்புவது. நான் பி.காம். முடித்துவிட்டு சரக்கு வைக்கிற அப்பாவின் கிட்டங்கியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு துண்டைத் தட்டிப் பார்த்தே நல்ல கரியா, வேகாத கரியா என்று சொல்லிவிடுவேன். நன்றாக வெந்த கரி வெண்கலம்போலச் சத்தம் கொடுக்கும். பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா இதை என் தகுதியாகச் சொன்னபோது மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காபி டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டார். அந்த மறைத்த சிரிப்பில்தான் நான் விழுந்தேன்.

அழகுராஜா இந்த ஊர்க்காரர். கொத்தமல்லியும் கம்பும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பம். மழை ஏமாற்றிய ஒரு வருஷம் வானத்தோடு கோபித்துக்கொண்டு கப்பல் வேலைக்குப் படிக்கப் போனவர். கண்மாயில் முழங்கால் தண்ணீர் நின்றாலே வண்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போகிற ஊர் இது. இங்கிருந்து ஒருவர் கடலுக்கு வேலைக்குப் போகிறார் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

திருச்சுழிக் கோயிலில் தாலி கட்டினார். பிரளய வெள்ளத்தையே ஒரு சுழிக்குள் அடக்கிய சாமி அது. அப்பா அதை வைத்து மாப்பிள்ளையைக் கேலி செய்தார். "கடலக் குடிச்ச சாமிக்கு முன்னால கட்டுறீக மாப்ள. இனிமே தண்ணிக்குப் பயப்பட்டீகன்னா எங்க சாமிக்குத்தான் அசிங்கம்." மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமலே கயிற்றை எடுத்தார். ஒரு முடிச்சைத்தான் அவர் போட்டார். மீதியை அவர் தங்கச்சி ஈஸ்வரி போட்டாள். மருதாணி மங்குவதற்குள் கப்பல் ஏறிவிட்டார்.

அதன்பிறகு விடுமுறைகளில் வந்தார். கப்பல்காரரின் விடுமுறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. முதல் இரண்டு நாள் வீடு முழுக்க வாசனை சோப்பும் சாக்லேட்டும். மூன்றாம் நாளிலிருந்து கட்டிலில் படுத்துக்கொண்டு போன் பார்ப்பார். அருப்புக்கோட்டைக்குப் போகிறேன் என்று வண்டியை எடுத்தால் சிநேகிதர்களோடு சாயங்காலம்வரை திரும்பமாட்டார். நான் என்ன கேட்டாலும் "ம்" என்பார். நல்லவர்தான். அடித்ததில்லை, குடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்த "ம்" இருக்கிறதே, அதோடு ஒருத்தி குடும்பம் நடத்த முடியாது.

அப்போதுதான் முதல் விபத்து நடந்தது.

சரக்கு இறக்கிய காலிக் கப்பல். ஏதோ ஒரு தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நின்றபோது புயல் வந்துவிட்டது. நங்கூரத்தையே இழுத்துக்கொண்டு போய்க் கப்பல் மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இதை அவர் இந்த வாசலில் வைத்துச் சொன்னபோது ஊரே கூடியிருந்தது.

"நம்ம கண்மாய்ச் சகதியில டிராக்டரு சிக்கும்ல, அதேதான். என்ன, இந்த டிராக்டரு அஞ்சு மாடி உசரம்."

"ஏலே, எறங்கித் தள்ளிப் பாக்கலியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தள்ளலாம்னுதாண்ணே பாத்தோம். கால் வைக்கத் தரையக் காணோம்."

ஹெலிகாப்டர் வந்து ஒவ்வொருவராக இடுப்பில் கயிறு கட்டித் தூக்கியிருக்கிறது. கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல, கையும் காலும் நாலு பக்கம் ஆட, வானத்தில் தொங்கிக்கொண்டு போனாராம். அதை நடித்துக் காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண் என்னைத் தேடியது. தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த வரியைச் சொன்னார்.

என் மாமியார் பெத்தம்மாள் வழியில் ஒரு வழக்கம் உண்டு. பாம்பு கடித்துப் பிழைத்தவர், கிணற்றில் விழுந்து எழுந்தவர், இப்படிக் கண்டம் தப்பி வந்த ஆண் யாராக இருந்தாலும் பெண்டாட்டி கழுத்தில் மறுபடியும் தாலி கட்ட வேண்டும். சாவு எட்டிப் பார்த்த கயிற்றை அப்படியே கழுத்தில் விட்டுவைக்கக் கூடாது என்பார் அத்தை. வெறுமனே கயிறு மாற்றுவதில்லை. பந்தல், மேளம், மாலை, பந்தி என்று முழுக் கல்யாணம். அப்படித்தான் எனக்கு இரண்டாவது கல்யாணம் நடந்தது.

நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்லூரித் தோழிகள் ஒரு வேன் நிறைய வந்தார்கள்.

"என்னடி தீபா, மாப்ள வீட்டுல எத்தன பவுனு கேட்டாக?"

"பழைய மாப்ளதான, கழிவுல குடுத்துருப்பாக."

"கப்பல்ல நனஞ்ச சரக்குடி. பாத்து வாங்கு."

அவருக்குக் காது சிவந்துவிட்டது. முதல் கல்யாணத்தில் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டவர், இந்த முறை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஐயர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்று முடிச்சையும் தானே போடுவேன் என்று ஈஸ்வரியோடு சண்டை பிடித்தார். எனக்குத் தலை சுற்றியது. சந்தோஷத்தில் தலை சுற்றும் என்று கதைகளில்தான் படித்திருந்தேன்.

அதற்குப் பிறகான மாதங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லக் கூடாது. அந்த அக்கா சிரிக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், நான் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்தார். குழாயடிக்கு வந்தார். கிட்டங்கிக்கு வந்து சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு நான் வேலை செய்வதைப் பார்த்தார். தூங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவார். கையை மெதுவாக உருவினால் பதறி எழுந்து உட்கார்ந்துவிடுவார், சட்டையெல்லாம் வியர்வையாக. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் முகம் வெளுத்துப்போகும். அத்தை வேப்பிலை அடித்து, திருநீறு போட்டு, டாக்டரிடமும் காட்டினார். எனக்கு மட்டும் எந்த அவசரமும் இல்லை. ஒரு மனுஷர் என் கை இல்லாமல் தூங்க முடியாது என்கிறார். இதற்கு மருந்து எதற்கு?

ஆனால் மருந்து கேட்டுவிட்டது. பயம் தெளியத் தெளிய என் கையை விட்டார். ஒருநாள் தனியாகத் தூங்கினார். ஒருநாள் அருப்புக்கோட்டைக்கு வண்டியை எடுத்தார். பிறகு கப்பல் ஏறினார். அடுத்த விடுமுறையில் சோப்பு, சாக்லேட், கட்டில், போன், "ம்".

எனக்கு இரண்டு அழகுராஜாக்கள் இருந்தார்கள் சார். விடுமுறையில் வருகிறவர் ஒருவர், விபத்திலிருந்து வருகிறவர் இன்னொருவர். எந்தப் பெண்ணாக இருந்தாலும் எவரைக் கேட்பாள்?

இரண்டாவது விபத்து மூடுபனியில். எதிரே வந்த கப்பல் இவர்கள் கப்பலின் வயிற்றில் மோதிவிட்டது. ஒருபக்கமாகச் சாய்ந்து மூழ்குவதற்குள் எல்லோரும் ரப்பர் படகுகளில் இறங்கிவிட்டார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், முக்கியம். முதல் விபத்திலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இரண்டாவதிலும் ஆகவில்லை.

செய்தி தொலைக்காட்சியில் வந்தபோது அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஆனால் உண்மையைச் சொல்வதென்று உட்கார்ந்தபிறகு மறைக்கக் கூடாது. அழும்போதே எனக்குள் பந்தக்கால் நட்டாகிவிட்டது. கைகால் எல்லாம் லேசாகி, தரையில் நிற்கிறேனா என்றே தெரியவில்லை.

மூன்றாவது கல்யாணத்துக்குத்தான் ஜெயக்குமார் வந்தார். அவரும் அதே கப்பலில் வேலை பார்த்தவர், அதே ரப்பர் படகில் என் வீட்டுக்காரரோடு மிதந்தவர். தூத்துக்குடிக்காரர். மனைவி தங்கமாரியையும் அழைத்துவந்து, மாப்பிள்ளைத் தோழனாக முன்வரிசையில் நின்றார். பந்தியில் சாம்பார் வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"மதினி, படகுல தண்ணி பாட்டில் தீந்துருச்சு, பிஸ்கோத்துத் தீந்துருச்சு. தீபா மட்டும் தீரல. தீபா அப்படிச் சிரிப்பா, தீபா சேவு பிழிஞ்சா இப்படி இருக்கும்னு விடிய விடிய ஒரே தீபா. எங்க கேப்டனுக்குத் தமிழ் தெரியாது. அவரே விடியுறப்ப 'தீபா ஓகே?'ன்னு கேக்குறாரு."

பந்தி முழுக்கச் சிரித்தது. என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கரையிலே இருக்கும்போது "ம்" என்பவர், கடலில் தத்தளிக்கும்போது என்னையே பேசியிருக்கிறார். அன்பு இல்லாமல் இல்லை. அது வெளியே வர ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

மறுபடியும் அந்த மாதங்கள். மறுபடியும் என் கையைப் பிடித்துத் தூக்கம். மறுபடியும் தெளிந்தார்.

இனி தூரக் கப்பல் வேண்டாம் என்று அத்தை காலில் விழாத குறையாகக் கேட்டார். ஜெயக்குமார்தான் ஏற்பாடு செய்து, இருவரும் ஒன்றாக அந்தச் சின்னக் கண்டெய்னர் கப்பலில் சேர்ந்தார்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் போய் வருகிற கப்பல், உங்களுக்குத்தான் தெரியுமே. பக்கத்துக் கப்பல், பத்திரமான கப்பல். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு வருகிற பஸ் மாதிரி வாராவாரம் போய் வந்தது. பயப்பட ஒன்றுமே இல்லை. அதுதான் சங்கடம். வாராவாரம் தூத்துக்குடிக்கு வந்தார், மாதக்கணக்காக வீட்டுக்கு வரவில்லை. கண்டெய்னர் பெட்டி இறக்க வேண்டும், பெட்டி ஏற்ற வேண்டும், கிளம்ப வேண்டும். ஒருநாள் கோழிக்குழம்பு வைத்துத் தூக்குவாளியோடு துறைமுக வாசலில் போய் நின்றேன். வெளியே வந்தார், வாளியை வாங்கிக்கொண்டார். "வெயில்ல ஏன் நிக்கிற, கெளம்பு. பஸ்ஸுப் போயிரும்" என்றார். ஜெயக்குமார் மட்டும் உள்ளேயிருந்து கையை ஆட்டி, "மதினி, எலும்பாவது மிஞ்சுமா பாப்போம்" என்று கத்தினார்.

போன மாசி மாதம் இரண்டு நாள் விடுப்பில் வந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், பெரிய கப்பல் ஒன்றுக்கு எழுதிப் போட்டிருப்பதாக. அமெரிக்காப் பக்கம் ஓடுகிற கப்பல். ஏறினால் வருஷத்தில் ஒரு மாதம்தான் ஊர்.

"அப்ப நான்?" என்றேன்.

"ஒனக்கென்ன. அம்மா இருக்கு, கிட்டங்கி இருக்கு. மோரு ஊத்து."

நான் மோர் ஊற்றினேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் வழியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான். நெடுநாளுக்கு முன்பே ஒருமுறை போனில் சொல்லியிருந்தார்.

"கரிப்பெட்டி ஏத்துற அன்னைக்கு மட்டும் எனக்குத் தூக்கம் வராது தீபா. சரியா ஆறாத கரின்னா பெட்டிக்குள்ளயே கனண்டுகிட்டு வரும். நடுக்கடல்ல பத்திக்கிட்டா எங்க ஓடுறது?"

"எங்க கிட்டங்கிக் கரின்னா?"

"ஒங்க மஞ்ச நூலு சாக்கு ஏறுனாத்தான் நிம்மதியாத் தூங்குவேன்."

எங்கள் சாக்குகளின் வாயை மஞ்சள் நூலால் தைப்போம். அதுதான் அடையாளம். மூட்டத்தைப் பிரித்துத் தண்ணீர் தெளித்தாலும் கரி உடனே செத்துவிடாது சார். மேலே கறுத்துக் குளிர்ந்து கிடக்கும், உள்ளே கண் மூடாமல் இருக்கும். அதனால் வெட்டவெளியில் பரப்பி இரண்டு வாரமாவது காற்றாடப் போட வேண்டும். அப்பா இதில் ஒரு நாள்கூடக் குறைக்கமாட்டார். ஆனால் கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா கிட்டங்கிக்கு வருவதில்லை. எல்லாம் என் பொறுப்பு. தூத்துக்குடியில் எங்கள் சரக்கைக் கப்பலேற்றுகிற ஏஜென்ட் நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி என் பேச்சைத்தான் நம்புவார். காற்றாடப் போட்டாச்சா என்று கேட்பார். போட்டாச்சு என்பேன். பிரித்துப் பார்ப்பதில்லை. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, அவரை விட்டுவிடுங்கள். எந்தக் கப்பல் என்று நான் கேட்டதற்கு, "ஒங்க வீட்டுக்காரரு கப்பல்லயே ஏத்திருவோம்த்தா, மாமனார் வீட்டுச் சீரு மாதிரி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

முதல் தடவை வெறுமனே காற்றாடப் போடாமல் அனுப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. கப்பல் பஸ் மாதிரி போய்விட்டு வந்துவிட்டது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

இரண்டாவது தடவை கவனமாகச் செய்தேன். அன்றைக்குக் காலையில் பிரித்த மூட்டத்துக் கரியை நடுச்சாக்குகளில் போட்டு, நன்றாக ஆறிய கரிச்சாக்குகளைச் சுற்றிலும் அடுக்கச் சொன்னேன். தொட்டுப் பார்த்தால் எல்லாம் குளிர்ச்சி. நடுச்சாக்குகளை மட்டும் ஆட்களிடம் விடாமல் நானே தைத்தேன். வெதுவெதுப்பாக, தூங்குகிற பிள்ளையின் நெற்றிபோல இருந்தது.

யாரையும் கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. நான் விரும்பியது ஒரு சின்ன விபத்து. கொஞ்சம் புகை, கொஞ்சம் ஓட்டம், ரப்பர் படகு, அப்புறம் வீடு. நடந்த இரண்டிலும் யாருக்கும் கீறல் இல்லை என்று சொன்னேன் அல்லவா. அனுபவத்தை வைத்துத்தானே மனுஷர் ஒரு முடிவுக்கு வர முடியும்.

லோடு கப்பல் ஏறிவிட்டது என்று அண்ணாச்சி போன் செய்த மறுநாள், அருப்புக்கோட்டைக்குப் போய்க் கல்யாணச் சேலை எடுத்தேன். அரக்கு நிறம், மாம்பழக் கரை. கடைக்காரர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். கப்பலைப் பற்றிய செய்தி அன்று சாயங்காலம்தான் வந்தது. இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். அந்தக் கடையில் விசாரித்தால் சொல்வார்கள்.

தீ நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் ஏதோ பெயிண்ட் பெட்டி இருந்ததாம். அதெல்லாம் என் கையில் இல்லை. ஜெயக்குமார் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு முதலில் போயிருக்கிறார். எதிலும் அப்படித்தான், முன்னால் நிற்கிற சுபாவம். அவரோடு இன்னும் இரண்டு பேர். அவர்கள் வேற்று நாட்டுக்காரர்கள், பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. என் வீட்டுக்காரர் ஜெயக்குமாரை இழுத்து வெளியே போடப் போனபோதுதான் இரண்டு கையும் வெந்துவிட்டது. வலது கையில் மூன்று விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. இனி அவரை எந்தக் கப்பலிலும் சேர்க்கமாட்டார்கள் என்று டாக்டர் வருத்தத்தோடு சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்கே தெரியும்.

இப்போது மாடியில்தான் இருக்கிறார். மூன்று வேளையும் என் கையால் ஊட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறார். அவ்வளவு ருசி. குளிப்பாட்டுவது, தலை சீவுவது, முதுகு சொறிந்துவிடுவது எல்லாம் நான்தான். தண்ணீர் குடிக்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள் பொறாமைப்படுகிறார்கள்; "ஒம் புருசன ஒக்காத்தி வச்சுக் கொஞ்சுற" என்கிறார்கள். பேச்சுதான் நின்றுபோய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஒன்றே ஒன்று கேட்டார்.

"காத்தாடப் போட்டியா?"

"போட்டேனே" என்றேன்.

என்னையே பார்த்தார். முன்பு தாலியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாரே, அதே அளவு நேரம். பெட்டியின் கதவு வெடித்துத் திறந்தபோது உள்ளே இருந்த சாக்குகளைப் பார்த்திருப்பார். மஞ்சள் நூல் தீயிலும் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கூச்சம். முதல் கல்யாணத்தின்போதும் இப்படித்தான் இருந்தார்.

இந்த முறை கல்யாணம் வேண்டாம் என்று அத்தையே சொன்னார். "மூணு உசுரு போயிருக்குத்தா. மேளச்சத்தம் அந்த வீடுகளுக்குக் கேக்காதா?" என்றார். ஈஸ்வரி என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஆனால் வழக்கம் வழக்கம்தானே. கண்டம் தப்பி வந்திருக்கிறார். சாவு பார்த்த கயிற்றை நான் எப்படிக் கழுத்தில் வைத்துக்கொண்டிருப்பது? பந்தல், மேளம், சமையல் எல்லாம் நானே ஏற்பாடு செய்தேன். தங்கமாரிக்கும் போன் செய்து அழைத்தேன். தேதியை மட்டும் கேட்டார். பிறகு, "அண்ணன நல்லாப் பாத்துக்கோங்க மதினி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். துக்க வீடு, வரமாட்டார். எனக்குப் புரிகிறது.

அவர் கையால் கட்ட முடியாது என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கட்டுப் போட்ட கையைக் கயிற்றின்மேல் வைத்தால் போதும், முடிச்சை நானே போட்டுக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்களோடு இப்போதே வர வேண்டும் என்கிறீர்கள். வருகிறேன், மறுக்கவில்லை. செய்தது நான்தான். கரியை ஆறவிடாமல் சாக்கில் கட்டியது நான், அவர் கப்பலென்று தெரிந்தே ஏற்றச் சொன்னது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. முகூர்த்தம் காலை ஏழரைக்கு. அது முடிந்ததும் கிளம்பலாம் என்றுதான் கேட்கிறேன். அவரைத் தனியாக விட்டுப் போவதுதான் கவலை. என் கை இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இன்னொன்று கேட்க வேண்டும். நீங்கள் வந்து உட்கார்ந்ததுமே சொன்னீர்கள், புகார் சொன்னது அழகுராஜாவேதான், ஈஸ்வரி போனைக் காதில் பிடித்துக்கொள்ள முக்கால் மணி நேரம் பேசினார் என்று. எனக்கு அதில் வருத்தமே இல்லை சார். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இத்தனை நாளாக வாயே திறக்காதவர் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார், அதுவும் முழுக்க என்னைப் பற்றி. படகில் கிடந்தபோது பேசியதைப்போல.

அந்தப் போனில் அவர் பேசியதை நீங்கள்தானே கேட்டீர்கள், அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். அப்போது என்னை எப்படிச் சொன்னார்? பெயரைச் சொன்னாரா, இல்லை, "எம் பொண்டாட்டி" என்று சொன்னாரா?